தங்கையைப் பறித்த நோய். தமக்கை கட்டிய ஆஸ்பத்திரி

அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பல் புறப்படும் நாட்களில் ஹாடோ துறைமுகத்தில் ஒரு காட்சியைக் காணலாம். வயதான தாயையோ தந்தையையோ கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பிள்ளைகள் கப்பல் ஏறுவார்கள். ஒரு கையில் துணி மூட்டை. மறு கையில் டாக்டர் சீட்டுகளும் எக்ஸ்ரே படங்களும் அடங்கிய பை. ஏறத்தாழ மூன்று நாள் கடல் பயணம். சென்னையில் இறங்கியதும் அவர்களில் பலர் வழி கேட்பது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான்.

அந்த ஆஸ்பத்திரியே ஒரு குடும்பத்தின் துயரத்தில் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

படிப்பில் முதல் பெண்

அம்மையார் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், தாய் சந்திரம்மாள். ஆண்கள் மட்டுமே படித்து வந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். எதிர்ப்புகள் கிளம்பின. அவர் பின்வாங்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைத் தனக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கணவரும் அதற்கு இசைந்தார்.

வீட்டுக்குள் வந்த நோய்

அம்மையாரின் தங்கைக்கு உடல்நலம் கெட்டது. சாதாரண வயிற்றுக் கோளாறு என்றே முதலில் எண்ணப்பட்டது. அது மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்தார்.

வீட்டில் டாக்டர் இல்லையா? இருந்தார்கள், ஒருவர் அல்ல, இருவர். மருந்தும் பணமும் கிடைக்காத ஏழைக் குடும்பமும் அல்ல. இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. தங்கை பட்ட வேதனையை அம்மையாரால் மறக்க முடியவில்லை. டாக்டர் வீட்டிலேயே இந்த நிலை என்றால், கூலி வேலை செய்பவர் வீட்டில் என்ன நடக்கும் என்ற கேள்வி அவர் மனதைக் குடைந்தது.

1925-ல் லண்டன் சென்று மேற்பயிற்சி பெற்றார். நாடு திரும்பியதும் சென்னை சட்டசபையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்திஜி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் துறந்தார். திக்கற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையின் நினைவு அகலவில்லை.

பன்னிரண்டு படுக்கைகள்

புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அம்மையார் கேட்டபோது ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அம்மையாரும் இந்திய மாதர் சங்கத்தினரும் நிதி திரட்டினார்கள். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அடையாறில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே.

தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு வயது 67.

அந்த வயதில் தாய்க்குத் தோள் கொடுத்தவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. புற்றுநோய் மருத்துவத்தில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், வேறு எங்கும் போகாமல் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியிலேயே தம் வாழ்நாளைக் கழித்தார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் மறையும் வரை அங்கேயே தொண்டு செய்தார்.

1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 82 வயது நிறைய எட்டு நாட்களே இருந்தபோது, 1968 ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார்.

நமக்குச் சொல்லும் பாடம்

ஸ்ரீவிஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் உழைக்கும் தமிழர் வீடுகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள். வாயில் ஆறாத புண், உடம்பில் கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு, விழுங்குவதில் சிரமம், மலம் கழிப்பதில் மாற்றம் இவை வந்தால் அவர்கள் வெளியே சொல்வதில்லை. பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மறைப்பார்கள். பிள்ளைகளும் வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், முதலில் உள்ளூர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். பயந்தது போல் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். நோய்தான் என்றால், குடும்பத்தார் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் துணைக்குக் கப்பலேறலாம். ஒருவர் இங்கிருந்து பணம் அனுப்பலாம். மற்றவர் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளலாம். பெரியவரைத் தனியே விட்டுவிடக் கூடாது.

டாக்டர் வீட்டிலேயே நோய் தெரியாமல் தாமதம் நேர்ந்தது. தெரிந்த பிறகும் நாம் தாமதிக்கலாமா?