கிஃபர்டு பின்ஷோ

கிஃபர்டு பின்ஷோ (ஆகஸ்ட் 11, 1865 - அக்டோபர் 4, 1946) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த காட்டியலாளரும் அரசியல்வாதியும் ஆவார். ஐக்கிய அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவராக 1905 முதல் 1910 வரை பணியாற்றினார். தனியார் காடுகளில் மரம் வெட்டும் முறையைச் சீர்படுத்த முயன்ற முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

பின்ஷோ கனெடிகட் மாநிலத்தில் உள்ள சிம்சுபரி என்னும் ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய பாட்டனார் பென்சில்வேனியாவில் நிலமும் மரமும் விற்றுப் பொருள் ஈட்டியவர். 1889 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்காவில் காட்டியல் கல்லூரி எதுவும் இல்லாததால் பிரான்சு நாட்டின் நான்சி நகரில் பயின்றார். பிரித்தானிய இந்தியாவின் வனத்துறைத் தலைவராக விளங்கிய டீட்ரிக் பிராண்டிசு இவருக்கு வழிகாட்டியாக இருந்தார்.

பில்ட்மோர் காடு

1892 இல் வட கரோலினாவில் ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்பவருக்குச் சொந்தமான பில்ட்மோர் காட்டின் பொறுப்பை ஏற்றார். ஓக், ஹிக்கரி முதலிய மரங்கள் நிறைந்த இக்காட்டில் முந்தைய உரிமையாளர்கள் விலைபோகும் மரங்களை வெட்டியும், கால்நடைகளை மேயவிட்டும், தீயிட்டும் வந்தனர். இதனால் குறைபாடுள்ள மரங்களே மிகுந்திருந்தன. பின்ஷோ வெட்டவேண்டிய மரங்களைத் தெரிவு செய்து, இளமரங்கள் சேதமடையாதவாறு வெட்டுவித்து, அவை வளர ஒளியும் இடமும் கிடைக்கச் செய்தார். ஐக்கிய அமெரிக்காவில் முறையான காட்டு மேலாண்மை இங்கேயே தொடங்கியது. 1895 இல் செருமானியரான கார்ல் சென்க் இப்பணியை ஏற்றார்.

அரசுப் பணி

1898 இல் பின்ஷோ நடுவண் அரசின் காட்டியல் பிரிவுக்குத் தலைவரானார். அவ்வாண்டே உழவர்களுக்கும் காட்டு உரிமையாளர்களுக்கும் மரவெட்டுத் திட்டம் வகுத்துத் தரும் சேவையைத் தொடங்கினார். 1905 இல் அரசுக் காடுகள் இவர் பொறுப்பில் வந்தன. 1910 க்குள் அவற்றின் பரப்பு ஏறத்தாழ 5.6 கோடி ஏக்கரிலிருந்து 17.2 கோடி ஏக்கராக உயர்ந்தது. உள்துறைச் செயலர் பாலிஞ்சரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1910 இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் இவரைப் பதவி நீக்கினார்.

தனியார் காடுகளும் சட்டமும்

அரசுக் காடுகள் பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில் இருந்தன. கிழக்கின் ஓக், ஹிக்கரி காடுகளோ பெரும்பாலும் தனியார் வசமே இருந்தன. அறிவுரை மட்டும் போதாது, சட்டத்தாலேயே அழிவைத் தடுக்க இயலும் என்னும் முடிவுக்குப் பின்ஷோ வந்தார். 1919 இல் இவர் தலைமையிலான அமெரிக்கக் காட்டியலாளர் சங்கக் குழு, தனியார் மரவெட்டை நடுவண் அரசு கட்டுப்படுத்தவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1920 இல் செனட் உறுப்பினர் காப்பர் கொண்டுவந்த சட்டவரைவு நிறைவேறவில்லை. அப்போதைய வனத்துறைத் தலைவர் வில்லியம் கிரீலி, உரிமையாளர்களுடன் ஒத்துழைப்பதே சிறந்தது எனக் கருதினார். 1924 இல் நிறைவேறிய கிளார்க்-மெக்நாரி சட்டம் தீத்தடுப்புக்கும் மரக்கன்றுகளுக்கும் உதவி வழங்கியது, மரவெட்டைக் கட்டுப்படுத்தவில்லை.

இறுதிக்காலம்

பென்சில்வேனியா மாநில ஆளுநராக 1923-1927, 1931-1935 ஆகிய காலங்களில் பதவி வகித்தார். 1946 இல் நியூயார்க்கில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். இவருடைய தன்வரலாறு 1947 இல் வெளியானது. வாசிங்டன் மாநிலத்தில் உள்ள தேசியக் காடு ஒன்றுக்கு 1949 இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. பில்ட்மோர் நிலத்தின் பெரும்பகுதியை அரசு விலைக்கு வாங்கியது. அது 1916 இல் பிசுகா தேசியக் காடாக அறிவிக்கப்பட்டது.