அளக்கக் கற்றவர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

முதுகலை முடித்து ஆய்வுப் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர் பலரும் அதனைப் பெயருக்குப் பின்னே சேரும் சில எழுத்துகளாகவே எண்ணுகின்றனர். ஆய்வுப் பயிற்சி என்பது உண்மையில் யாது, அது எத்துணை உயிர்களுக்கு உதவக்கூடும் என்பதை அறிய வேண்டுமாயின், டாக்டர் சுப்பாராவின் வாழ்வை நாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895 ஜனவரி 12ஆம் நாள் அவர் பிறந்தார். வறுமை மிக்க குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முயற்சியிலேயே சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின், மாமனாரின் உதவியுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளானார். முழுப் பட்டமான எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அவருடைய தமையனார் 'ஸ்புரூ' என்னும் குடல்நோயால் மாண்டது அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

1923ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகர் சேர்ந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய் மருத்துவம் பயின்றார். செலவுக்குப் போதாமையால் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியராகவும் உழைத்தார். பகலில் ஏடு, இரவில் ஏவல்! பின்பு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியரிடம் ஆய்வு மாணவரானார்.

அங்கே அவர் முதலில் கற்றது அளத்தல் என்னும் எளிய கலையே. இரத்தத்திலும் திசுவிலும் உள்ள பாஸ்பரசை நீல நிறமாக வெளிப்படுத்தி, அந்நிறத்தின் அடர்த்தியால் அதன் அளவை அறியும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர் பல தலைமுறையாகக் கையாண்ட முறை இது. அளக்கத் தெரிந்தபின் புதியன தாமே புலப்பட்டன. தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினை 1927இல் கண்டறிந்தனர். உயிரணுவின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி.யை 1929இல் பிரித்தறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனித்து அதனைக் கண்டார். 1930இல் சுப்பாராவ் பிஎச்.டி. பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை.

1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார். அவர் வழிநடத்திய குழுவினர் ஃபோலிக் அமிலத்தை 1945இல் ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினர். தமையனாரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாக உதவியது.

அவ்வமிலமே புற்றுநோய் ஆய்வுக்கு வாயில் திறந்தது. பாஸ்டனில் குழந்தைகளின் நோயியலைக் கவனித்துவந்த மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது நோய் விரைந்து பெருகக் கண்டார். அணுக்கள் பெருக அவ்வமிலம் தேவையெனில், அதனைத் தடுத்தால் நோய் அடங்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைச் செய்யாத பொருள்களைப் படைத்திருந்தனர். பூட்டினுள் நுழைந்தும் திறவாது, உண்மைச் சாவியையும் நுழையவிடாத போலிச் சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது என 1948 ஜூனில் ஃபார்பர் அறிவித்தார். அம்முன்னேற்றம் சில திங்களே நிலைத்தது. ஆயினும் மருந்தால் இந்நோயை அடக்க இயலும் என்பது முதன்முதலாகத் துலங்கிற்று. அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கப்பெறுகிறது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் தரப்பெறும் டை எதில் கார்பமசின் மாத்திரையும் அவர் தலைமையில் உருவானதே.

அடுத்த ஆகஸ்டிலேயே, தம் 53ஆம் அகவையில், உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. கடல் கடந்து சென்றவர் தாயகம் திரும்பவேயில்லை; காத்திருந்த துணைவியார் சேஷகிரி அம்மையாரின் காத்திருப்பு முடியாமலேயே போயிற்று. அறிவுத் தேட்டத்தின் விலையை உடன் செலுத்தியவர் அவ்வம்மையாரும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

உடன் உழைத்தோர் பெயரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றவர் சுப்பாராவ். ஆதலால் அவர் பெயரை அறிந்தோர் குறைவு; அவர் மருந்தால் பிழைத்தோர் மிகுதி. இந்திய அரசு 1995இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

தேர்வில் தோற்றமையும் உரிய பட்டம் மறுக்கப்பெற்றமையும் அவரைத் தடுக்கவில்லை. ஒரு துளியைப் பிழையின்றி அளக்கப் பொறுமையோடு கற்றவரே பின்னாளில் ஒரு பெருநோயை எதிர்க்கும் வழியைக் காட்டினார். ஆய்வு மேற்கொள்ளும் நம் மாணவர்கள் பட்டத்தை நாடுமுன் இப்பொறுமையை நாடுவார்களாக.