விதவைகளுக்குக் கதவு திறந்த சாவித்திரிபாய்

சாவித்திரிபாய் புலே 1831 ஜனவரி 3-ல் மராட்டியத்தின் சாத்தாரா பகுதியில் உள்ள நாய்காவ் கிராமத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் புலேவுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். திருமணத்துக்குப் பிறகே எழுத்துப் படித்தார். 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதும், தெருவில் சாணியும் கல்லும் வீசப்பட்டதும் பலரும் அறிந்தவை. அவர் செய்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை.

அன்று பார்ப்பனக் குடும்பங்களில் சிறுமியாக இருக்கும்போதே தாலியறுத்த பெண்கள் ஏராளம். 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தும் சாதிக் கட்டுப்பாடு அசையவில்லை. வீட்டு ஆண்களாலேயே ஏமாற்றப்பட்டுக் கருவுற்றவர்கள் ரகசியமாகக் கருவைக் கலைத்தார்கள். முடியாதவர்கள் குழந்தையைக் கொன்றார்கள், அல்லது உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

1862-ல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, கருவைக் கலைத்தால் மூன்று ஆண்டு வரையும், கருவில் அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழு ஆண்டு வரையும் சிறை என்றது. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே விலக்கு. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. கருவுக்குக் காரணமான ஆணைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

பெற்ற குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்ட இளம் விதவை ஒருவர் ஆயுள் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். இதைக் கண்டு கலங்கிய புலே தம்பதி 1863-ல் தங்கள் வீட்டிலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் தொடங்கினர். விதவைகள் ரகசியமாக வந்து பிரசவிக்கலாம், குழந்தையை விட்டுச் செல்லலாம் என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினர். வந்தவர்களைப் பராமரித்தவர் சாவித்திரிபாய். தன்மீது சாணி வீசிய சாதியின் பெண்களுக்குச் சூத்திரர் எனப்பட்ட மாலி சாதிப் பெண் பிரசவம் பார்த்தார். அப்படி வந்த ஒரு விதவையின் மகன் யஷ்வந்தைத் தத்தெடுத்து மருத்துவராக்கினார். தீண்டப்படாதோருக்காக 1868-ல் வீட்டுக் கிணற்றையும் இத்தம்பதி திறந்துவிட்டனர். 1897-ல் பிளேக் பரவியபோது, நோயுற்ற மகார் சிறுவனைத் தோளில் சுமந்து மகனின் சிகிச்சை முகாமுக்குக் கொண்டு சேர்த்த சாவித்திரிபாய், அதே நோய் தொற்றி மார்ச் 10-ல் இறந்தார்.

கருக்கலைப்பு பாவமா, உரிமையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கருவும் உயிர்தான் என்பவர்கள் உண்டு. உடம்பு பெண்ணுடையது, முடிவும் அவளுடையது என்பவர்கள் உண்டு. இரு தரப்பாரும் சாவித்திரிபாயிடம் கற்க ஒன்று இருக்கிறது. அவர் பெண்ணை விசாரிக்கவில்லை. அவளும் குழந்தையும் பிழைக்க இடம் கொடுத்தார்.

பழைய 312-வது பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவாகத் தொடர்கிறது. 1971-ம் ஆண்டுச் சட்டமும் 2021 திருத்தமும் அதற்கு விலக்கு தருகின்றன. சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானோர், சிறுமியர் உள்ளிட்டோருக்கு இரு மருத்துவர்களின் கருத்துடன் 24 வாரம் வரை அனுமதி. 18 வயது நிரம்பிய பெண்ணுக்குக் கணவர், பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர யாரிடமும் அவர் பெயரை வெளியிடக் கூடாது. ஊருக்குப் பயந்து நாட்டு மருந்து தேடும் பெண்ணுக்கு இந்த விவரம் முதலில் போய்ச் சேர வேண்டும்.