உங்க கார் பிரோஷரில் வரும் மேக்பர்சன் யார்?

ஹடப்சர், மகர்பட்டா பக்கம் வேலை பார்க்கிறவரா நீங்க? அப்போ வீக்கெண்டில் திவே காட் ஏறி சாஸ்வட் பக்கம் போயிருப்பீங்க. மழையில் அந்த வளைவுகளில் கார் லேசா வழுக்கினால், ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் டைட் பண்ணுங்க என்று ஆபீஸில் யாராவது ஐடியா கொடுத்திருப்பாங்க. அதைச் செய்வதற்கு முன்னால் கார் பிரோஷரை எடுங்க. முன்பக்க சஸ்பென்ஷன் என்ற இடத்தில் பெரும்பாலும் மேக்பர்சன் ஸ்ட்ரட் என்று இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர்.

ஏர்ல் ஸ்டீல் மேக்பர்சன் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அங்கேயே 1915-ல் பொறியியல் பட்டம். முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவில் விமான இன்ஜின் வேலை, பிறகு லிபர்டி, ஹப்மொபைல் என்று சில கார் கம்பெனிகள். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ். இதையெல்லாம் வேகமா தாண்டிடலாம். விஷயம் சூடு பிடிப்பது 1945-ல்தான்.

போர் முடிந்ததும் மலிவான சின்ன கார் ஒன்றை செவர்லே யோசித்தது. பெயர் கேடட். விலை 1,000 டாலருக்குள், எடை சுமார் 1 டன். பொறுப்பு மேக்பர்சனிடம். அன்றைய சஸ்பென்ஷனில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. இடமும் போகும், காசும் போகும். அவர் மேல் கையைத் தூக்கிவிட்டு, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே செங்குத்துத் தூணாக்கினார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதும் அந்தத் தூண்தான். இதற்கு முன்னோடி உண்டு: 1920-களிலேயே ஃபியட்டின் கைடோ ஃபோர்னாகா இதுபோல ஒன்றை வரைந்திருந்தார். ஆனால் ஆயிரக்கணக்கில் தயாரிக்கிற மாதிரி எளிமையாக்கியவர் மேக்பர்சன்.

1947-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடட்டைக் கைவிட்டது. அதே வருஷம் அவர் போட்டி கம்பெனியான ஃபோர்டுக்குப் போய்விட்டார். அவர் டிசைன் 1950-ல் பிரிட்டிஷ் ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்தது. ஃபோர்டின் பொறியியல் துணைத் தலைவர் வரை உயர்ந்து, 1958-ல் ஓய்வு பெற்று, 1960-ல் இறந்தார். ஃபோர்டின் அமெரிக்க கார்களுக்கு அந்த ஸ்ட்ரட் போனதை அவர் பார்க்கவே இல்லை. நம்ம ஊர் மாருதி 800-க்கு அது வந்தபோது அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போ திவே காட்டுக்கு வருவோம். ஷாக் அப்சார்பருக்குள் ஒரு பிஸ்டன், எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளுகிறது. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது இதுதான். ரொம்ப டைட் ஆக்கினால் ஒவ்வொரு மேட்டிலும் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும், ரோட்டைத் தொடாத டயருக்கு கிரிப் ஏது? ரொம்ப லூஸ் என்றால் வளைவில் உடம்பு சாய்ந்து, சாய்வு அடங்க நேரமாகும். அதனால் மழையில், மேடுபள்ள ரோட்டில், டைட் பண்ணுவது பல நேரம் தப்பான திசை.

முதலில் ஒரு உண்மை: கம்பெனியிலிருந்து வரும் ஸ்ட்ரட்டில் பெரும்பாலும் அட்ஜஸ்ட் பண்ணவே வழி கிடையாது. தனியா வாங்கிப் போடும் வகையில்தான் திருகு இருக்கும், கிளிக் கிளிக்காகத் திரும்பும். அப்படி இருந்தால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிளிக் மட்டும், இடது வலது இரண்டும் சமமா மாத்துங்க, அதே ரோட்டில் நிதானமா ஓட்டிப் பாருங்க. டயர் பிரஷரையும் தேய்மானத்தையும் அதற்கு முன்னாலேயே பார்த்துடுங்க. ஸ்ட்ரட் ராடைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தால் எந்த கிளிக்கும் உதவாது. ஜோடியாக மாற்றி, கையோடு வீல் அலைன்மென்ட்டும் பார்க்கச் சொல்லுங்க.