கண்ணாடித் துண்டில் கண்ட உண்மை

சென்ற ஆண்டு என் பெரியம்மா கருப்பை வாய்ப் புற்றுநோயால் மறைந்தார். களை பறித்துக் கூலி வாங்கிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். மாதவிலக்கு நின்ற பின்னும் உதிரம் போனதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒருபுறம்; ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை மறுபுறம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்துவிட்டது. இந்நோயை முன்கூட்டியே அறியச் சோதனை உண்டு என்பதை நான் அதன் பிறகே தெரிந்துகொண்டேன். அதைத் தந்தவரின் வரலாறே இக்கட்டுரை.

ஜார்ஜ் பாப்பனிக்கோலாவு 1883-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டில் கைமி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மருத்துவர். மகனும் ஏதென்ஸில் மருத்துவம் பயின்று 1904-இல் பட்டம் பெற்றார். ஆனால் அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. 1910-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். 1913-இல் மனைவி ஆந்த்ரோமகியுடன் நியூயார்க் சென்றார். கையில் பொருள் இல்லை. அம்மையார் கடையில் பொத்தான் தைத்தார். கணவர் கம்பளம் விற்றார், உணவு விடுதியில் வயலின் வாசித்தார்.

பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பணி கிடைத்தது. அங்கே கினிப்பன்றிகளின் பிறப்புறுப்பிலிருந்து கசியும் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பின்பு பெண்களிடம் அதே முறையைக் கையாண்டார். முதலில் முன்வந்தவர் அவர் மனைவியே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வம்மையார் தம் உடலையே ஆய்வுக்கு ஈந்தார். புகழின் பாதி அவருக்கே உரியது என்பேன்.

இவ்வாய்வின்போதுதான் உதிர்ந்த உயிரணுக்களிடையே புற்றணுக்கள் தென்பட்டன. 1928-இல் இதை அறிவித்தார். மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. டாக்டர் டிராட் என்பவருடன் சேர்ந்து 1941-இல் கட்டுரையும் 1943-இல் நூலும் வெளியிட்டார். அதன்பின் உலகம் செவி சாய்த்தது. பாப் சோதனையை முறையாக நடத்திய நாடுகளில் இந்நோயின் சாவுகள் பெரிதும் குறைந்தன. 1962-இல் அவர் மறைந்தார்.

ஆனால் ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற கண்களும் இல்லாத சிற்றூர்களுக்கு அச்சோதனை எளிதில் எட்டவில்லை. அக்குறையைப் போக்கும் வழி நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஆராயப்பட்டது. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், ஐயத்திற்குரிய இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். செவிலியரே பார்த்துச் சொல்லலாம். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒருமுறை இவ்வாறு சோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளித்ததில், இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது என 2007-இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டறிந்தவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுமியருக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது.

சென்ற மாதம் என் அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். முதலில் மறுத்தார், பெரியம்மாவை நினைவூட்டியதும் வந்தார். சில நிமிடங்களில் சோதனை முடிந்தது. அம்மா அன்று பிற்பகலே வேலைக்குப் போய்விட்டார். நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் அன்னையரிடம் இதைச் சொல்லுங்கள். வெட்கத்தால் ஓர் உயிர் போகலாகாது. பாப்பனிக்கோலாவு தம்பதியருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.