பறவை மனிதர் சலீம் அலி



விழா மலருக்கு நான் கட்டுரை தருகிறேன் என்றதும், பாலம், சிமெண்ட் என்று ஏதாவது எழுதுவான் என்றுதான் நம்ம செட் ஆட்கள் நினைத்திருப்பார்கள். படித்தது சிவில், பிழைப்பும் அதில்தான். ஆனால் போன வருஷம் என் மகளுக்கு நம்ம காலேஜைச் சுற்றிக் காட்டினேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் ஒரு பறவை நின்றது. அது என்னப்பா என்று கேட்டாள். கொக்கு என்றேன். வேறொன்றைக் காட்டினாள். அதையும் கொக்கு என்றேன். நாலு வருஷம் அந்தக் கரையில் உட்கார்ந்து அரட்டை அடித்தவனுக்கு, அங்கே வாழும் ஒரு ஜீவனின் பெயர் தெரியவில்லை! அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் சலீம் அலியின் வாழ்க்கை.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர் அவர். நினைவு தெரியும் முன்பே தகப்பனும் தாயும் போய்விட்டார்கள். வளர்த்தவர் தாய்மாமா அமிருதீன் தயாப்ஜி. சிறுவயதில் ஒருநாள் ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. வீட்டில் பார்க்கும் சிட்டுக்குருவி இல்லை. இது என்ன என்று கேட்டதற்கு மாமாவிடமும் பதில் இல்லை. ஆனால் என்னைப் போல வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் போய்க் கேள் என்று அனுப்பி வைத்தார்.

1883-ல் தொடங்கிய சங்கம் அது. செயலாளராக இருந்தவர் மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர். செத்த குருவியோடு வந்து நின்ற பையனை அவர் விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனம் சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், அன்று அந்தக் கதவு சாத்தியிருந்தால்?

படிப்பில் அவர் புலி அல்ல. 1913-ல் மெட்ரிக் தேறியதே பெரும்பாடு. குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா போனார். அங்கும் காடு மேடு சுற்றிப் பறவை பார்த்ததுதான் மிச்சம். பெரிய பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலை கிடைக்கவில்லை. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்!

1926-ல்தான் பம்பாயில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் ஒரு வேலை கிடைத்தது. இயற்கை வரலாற்றுப் பிரிவைப் பார்க்க வரும் ஜனங்களுக்கும் பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்லும் வேலை. பிறகு லீவு போட்டு பெர்லின் போய், பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை போன மனிதர் மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிதான் கட்டுமாம். பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதி வேலை. முடித்த கையோடு அடுத்த சைட்டில் அடுத்த கூடு, அடுத்த ஜோடி! நம்ம பில்டர்களுக்கெல்லாம் முன்னோடி. இந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. 1939-ல் தெஹ்மினா இறந்தார். அந்தத் துயரத்திலும் அவர் நிற்கவில்லை. 1941-ல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், சாதாரண மனிதரும் பார்த்த பறவையைப் பெயர் சொல்லி அழைக்க வழி செய்தது. சுதந்திரத்துக்குப் பின் சங்கம் பணமின்றித் தத்தளித்தபோது, பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றார். தான் சிறுவனாக நுழைந்த கதவைச் சாத்த விடவில்லை.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1984-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. கட்டுகிற தொழிலில் இருக்கும் எனக்கு, கட்டாமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்று அங்கேதான் புரிந்தது.

அவரும் தவறியதுண்டு. மகாராஜாக்கள் வாத்து வேட்டையாடிய பரத்பூர் நீர்நிலையைச் சரணாலயமாகக் காக்கப் பாடுபட்டவர் அவர். ஆனால் உள்ளே மாடு மேய்ப்பது கூடாது என்றும் நினைத்தார். 1982-ல் தடை வந்தது. ஊர்மக்களோடு மோதல், துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பின்னால் அவருடைய சங்கமே பல வருஷம் ஆராய்ந்ததில், மேய்ச்சல் நின்றதால் புல் மண்டித் தண்ணீரை அடைத்துவிட்டது, நீர்ப்பறவைகள் பல குறைந்தன என்று தெரிந்தது. ஊர்க்காரனை வெளியே நிறுத்திவிட்டுப் பறவையைக் காப்பாற்ற முடியாது. பிற்காலத்தில் அதே பரத்பூரில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வருகிறவர்களுக்குப் பறவையைக் காட்டிப் பெயர் சொல்லி அவர்கள் பிழைக்கிறார்கள். அங்கே சலீம் அலி பெயரில் விளக்க மையமும் இருக்கிறது.

1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் அவர் மறைந்தார். 1990-ல் நம் கோவையில் அவர் பெயரில் பறவையியல் மையம் அமைந்தது. மும்பை கோரேகாவில் அவருடைய சங்கம் நடத்தும் இயற்கைக் கல்வி மையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் போய்க் காட்டையே வகுப்பறையாகப் பார்க்கிறார்கள்.

நண்பர்களே, இதையெல்லாம் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. நம்ம குளத்தைத் தூர்த்து கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. என் வேண்டுகோள் இதுதான். குளம் அப்படியே இருக்கட்டும். கரையில் ஒரு சின்ன அறை, நாலு பைனாகுலர், அலமாரியில் பறவைப் புத்தகங்கள் போதும். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும். குளத்தை நம்பி ஆடுமாடு வைத்திருக்கும் ஊர்க்காரர்களையும் முதலிலேயே கூப்பிட்டுப் பேசுவோம். டிசைனும் எஸ்டிமேட்டும் என் பொறுப்பு. முதல் பைனாகுலரும் என் செலவு.

சந்திப்பு நாளன்று காலை ஆறு மணிக்கு நானும் மகளும் குளக்கரையில் இருப்போம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்று நான் கொக்கு என்று காட்டிய இரண்டாவது பறவை நத்தைகுத்தி நாரை. இப்போது அதை எனக்குச் சொல்லித் தருகிறவள் அவள்தான்.