மசாரு இபுகா

மசாரு இபுகா (ஏப்ரல் 11, 1908 – டிசம்பர் 19, 1997) ஜப்பானைச் சேர்ந்த மின்னணுப் பொறியாளரும் தொழில் முனைவோரும் ஆவார். அகியோ மொரிடாவுடன் இணைந்து, பின்னாளில் சோனி எனப் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் ஒலிநாடாப் பதிவுக் கருவியும் முதல் டிரான்சிஸ்டர் வானொலியும் இவரது தலைமையில் உருவானவை. இவற்றின் அடிப்படைக் கண்டுபிடிப்புகள் பிறருடையவை. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நாட்டில், கிடைத்த மூலப்பொருள்களைக் கொண்டு, மக்கள் வாங்கக்கூடிய விலையை நோக்கி அவற்றைக் கொண்டு சென்றதே இவரது முதன்மைப் பங்களிப்பாகும்.

இளமைக்காலம்

இபுகா, தோச்சிகி மாகாணத்திலுள்ள நிக்கோ நகரில் பிறந்தார். பொறியாளரான தந்தை இவரது சிறு வயதிலேயே காலமானதால், தந்தை வழிப் பாட்டனாரிடம் வளர்ந்தார். பின்னர் கோபே நகரில் பள்ளிக் கல்வி பயின்றார். டோக்கியோவிலுள்ள வாசெடா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1933 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது இவர் உருவாக்கிய நியான் ஒளிக் கருவி பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. பெரிய மின்பொருள் நிறுவனம் ஒன்றின் நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெறாமையால், திரைப்பட ஒலிப்பதிவு தொடர்பான ஆய்வகம் ஒன்றில் பணியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் படைத்துறை ஆய்வுக் குழு ஒன்றில் பங்கேற்றபோது, கடற்படை அதிகாரியாக இருந்த மொரிடாவின் நட்பு கிட்டியது.

நிறுவனத்தின் தொடக்கம்

1945 இல் போர் முடிந்ததும் டோக்கியோவில் குண்டுவீச்சுக்கு உள்ளான ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் சிறிய பட்டறையை இபுகா தொடங்கினார். போர்க்காலத்தில் மக்கள் சிற்றலை ஒலிபரப்புகளைக் கேட்பது தடை செய்யப்பட்டிருந்தது. எனவே பழைய வானொலிகளைப் பழுது பார்ப்பதும், அவற்றில் சிற்றலை பெறும் இணைப்பைப் பொருத்தித் தருவதும் பட்டறையின் முதல் வேலைகளாயின. மரத்தொட்டியின் அடியில் அலுமினிய மின்முனைகளைப் பொருத்திச் செய்த சோறு வடிக்கும் கருவி தோல்வியடைந்தது. அரிசியின் தரத்துக்கும் நீரின் அளவுக்கும் ஏற்ப சோறு குழைந்தோ வேகாமலோ போனதே காரணம்.

நாளிதழ்ச் செய்தி ஒன்றின் மூலம் இப்பட்டறையைப் பற்றி அறிந்த மொரிடா, இபுகாவுடன் இணைந்தார். மே 7, 1946 அன்று 1,90,000 யென் முதலீட்டில், ஏறத்தாழ 20 பணியாளர்களுடன், டோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது.

ஒலிநாடாப் பதிவுக் கருவி

1949 இல் அமெரிக்க ஒலிநாடாப் பதிவுக் கருவி ஒன்றைக் கண்ட இபுகா, அதைத் தமது நிறுவனமே செய்ய வேண்டும் என முடிவு செய்தார். கருவியை விட நாடாவைச் செய்வதே கடினமாக இருந்தது. தரமான நெகிழி அப்போது ஜப்பானில் கிடைக்கவில்லை. முதலில் பயன்படுத்திய செலோபேன் ஈரப்பதத்தில் நீண்டு ஒலியைக் குலைத்தது. அதனால் காகிதத்தை நாடாவாக வெட்டிப் பயன்படுத்தினர். காந்தப்பூச்சுக்கான தூளும் சந்தையில் இல்லை. நொபுடோஷி கிஹாரா என்ற இளம் பொறியாளரும் மொரிடாவும் இரும்பு ஆக்சலேட்டை வாணலியில் வறுத்து இரும்பு ஆக்சைடைப் பெற்றனர். அதை அரக்குடன் கலந்து, விலங்கு முடியாலான மெல்லிய தூரிகையால் நாடாவின் மீது கையால் பூசினர்.

பதிவின் தரத்தை உயர்த்த, உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்தை ஒலிக்குறிகையுடன் சேர்க்கும் முறை தேவைப்பட்டது. கென்சோ நாகாய் கண்டுபிடித்த இம்முறையின் ஜப்பானியக் காப்புரிமையை, நிப்பான் எலக்ட்ரிக் நிறுவனத்துடன் சேர்ந்து வாங்கினர்.

1950 இல் ஜி வகைக் கருவி விற்பனைக்கு வந்தது. 30 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் ஏறத்தாழ 1,60,000 யென் விலையும் கொண்ட அதை வாங்குவோர் அரிதாயினர். புதிதாக வேலையில் சேரும் பட்டதாரி ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்தையும் விட இது அதிகமாகும். சுருக்கெழுத்தாளர் பற்றாக்குறையால் உச்ச நீதிமன்றம் சில கருவிகளை வாங்கியது. இத்தகைய வாங்குவோரை மட்டும் நம்பித் தொழில் நடத்த இயலாது என உணர்ந்த இபுகா, பொறியாளர்களை அதாமி ஊரிலுள்ள விடுதி ஒன்றில் தங்கவைத்து, எளிய, மலிவான வடிவமைப்பை உருவாக்கச் செய்தார். இதன் பயனாக 1951 இல் எச் வகைக் கருவி வெளிவந்தது. பள்ளிகள் மொழி, இசை வகுப்புகளுக்காக அதை வாங்கத் தொடங்கியதும் நிறுவனம் நிலைபெற்றது.

டிரான்சிஸ்டர் வானொலி

1952 இல் அமெரிக்கா சென்ற இபுகா, டிரான்சிஸ்டர் உரிமத்தை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 25,000 டாலருக்கு வழங்க இருப்பதை அறிந்தார். 1953 இல் மொரிடா உடன்பாட்டில் கையொப்பமிட்டார். எனினும் அந்நியச் செலாவணி பற்றாக்குறையாக இருந்த அக்காலத்தில், பெயர் அறியப்படாத சிறு நிறுவனத்துக்கு இத்தொகையை ஒதுக்க அரசின் வணிகத் தொழில் அமைச்சகம் தயங்கியது. 1954 இல் தான் அனுமதி கிடைத்தது.

உரிமம் செய்முறையைக் கற்றுத்தரவில்லை. கசுவோ இவாமா அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு, தாம் கண்டவற்றைப் படங்களுடன் கடிதங்களாக அனுப்பினார். அவற்றைக் கொண்டு உலைகளையும் பிற இயந்திரங்களையும் பொறியாளர்கள் தாங்களே உருவாக்கினர். காது கேட்கும் கருவிகளுக்கே டிரான்சிஸ்டர் ஏற்றது என உரிமம் அளித்தோர் கருதினர். அச்சந்தை சிறியது என்பதால் இபுகா வானொலியைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு மிகுந்த அதிர்வெண்ணில் இயங்கும் டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் செய்த 100 டிரான்சிஸ்டர்களில் ஏறத்தாழ 5 மட்டுமே பயன்பட்டன. அந்நிலையிலும் உற்பத்தியைத் தொடங்குமாறு இபுகா முடிவெடுத்தார். நல்லவை கிடைக்கும் விகிதம் உயர்ந்தால் விலை குறையும் என்பது இவரது கணக்காக இருந்தது. விகிதம் உயராதிருந்தால் நிறுவனமே நொடித்திருக்கும்.

உலகின் முதல் வணிக டிரான்சிஸ்டர் வானொலியாக அமெரிக்காவின் ரீஜென்சி டிஆர்-1, 1954 இல் வெளிவந்தது. ஆகஸ்ட் 1955 இல் வந்த டிஆர்-55, ஜப்பானின் முதல் டிரான்சிஸ்டர் வானொலியாகும். இதன் விலை 18,900 யென். சிறிய உதிரிப் பாகங்களை உள்நாட்டிலேயே புதிதாகச் செய்விக்க வேண்டியிருந்தது. சிறு தொழிலகமாக இருந்த மிட்சுமி, இதற்கான சிறிய மாறு மின்தேக்கியை வழங்கியது. 1957 இல் வந்த டிஆர்-63 வானொலியின் விலை 13,800 யென்னாகக் குறைந்தது. அன்றைய ஊழியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு இது ஏறத்தாழ ஈடாகும். வெளிநாடுகளிலும் இது பெருமளவில் விற்பனையானது.

பெல் ஆய்வகம் கைவிட்டிருந்த பாஸ்பரஸ் கலப்பு முறையை நிறுவனம் பயன்படுத்தியது. இது பற்றிய ஆய்வின்போது லியோ எசாகி 1957 இல் கண்டறிந்த விளைவு, அவருக்கு 1973 இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

பிற்காலம்

1958 இல் நிறுவனத்தின் பெயர் சோனி என மாற்றப்பட்டது. 1950 முதல் 1971 வரை இபுகா அதன் தலைவராகப் பணியாற்றினார். 1968 இல் வெளியான டிரினிட்ரான் வண்ணத் தொலைக்காட்சி இவரது பதவிக் காலத்தில் உருவானதாகும். ஓய்வுக்குப் பின்னும், வானூர்திப் பயணங்களில் இசை கேட்கச் சிறிய கருவி வேண்டும் என இவர் கேட்டதே, 1979 இல் 33,000 யென் விலையில் வெளிவந்த வாக்மேன் உருவாகக் காரணமாயிற்று.

குழந்தைகளின் தொடக்கக் கல்வியில் ஆர்வம் கொண்டு 1969 இல் அதற்கென ஓர் அமைப்பை நிறுவினார். 1992 இல் ஜப்பானின் பண்பாட்டு விருதைப் பெற்றார். தமது 89 ஆம் வயதில் டோக்கியோவில் காலமானார்.